சீர்காழியில் ஒரு சைடுமவுண்ட் டீச்சர்

திருச்சியில் விமானம் இறங்கும்போதே இடுப்பு விட்டுப்போயிருந்தது. மஸ்கட்டிலிருந்து வருகிறவர்களின் பைகளில் பிஸ்தாவும் சென்ட் பாட்டிலும் பால் பவுடரும் இருக்கும். என் பையில் இருந்தவை பட்டைகள், கொக்கிகள், ரப்பர் குழாய்கள். பையைத் திறந்து பார்த்த அதிகாரி ஒரு குழாயைத் தூக்கிப் பிடித்து, "இது என்னங்க, ஆஸ்பத்திரி சாமானா?" என்றார்.

"கடலுக்குள்ள மூச்சு விடறதுக்குங்க."

"ஊருக்கு வந்திருக்கீங்க, இங்க எதுக்கு இது?"

அதற்குச் சுருக்கமாக ஒரு பதில் என்னிடம் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. போங்க என்று கையைக் காட்டிவிட்டார்.

நீளமான பதில் இதுதான். மஸ்கட்டில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் கூட்டிப்போய்க் கடலுக்கடியில் பவளப் பாறைகளையும் ஆமைகளையும் காட்டும் வேலை எனக்கு. சிலிண்டரில் காற்று நிரப்பும் ஆளாகப் போய்ச் சேர்ந்தவன், மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறங்கி, வழிகாட்டியானேன். வாலிபம் முழுக்க அந்த இரும்புச் சிலிண்டரை முதுகில் சுமந்ததில் இடுப்பில் டிஸ்க் நழுவிவிட்டது. இனி முதுகில் பாரம் கூடாது என்று டாக்டர் சொன்னார். அதற்கும் ஒரு வழி உண்டு. முதுகில் ஒரு சிலிண்டருக்குப் பதிலாக, அக்குளிலிருந்து இடுப்பு வரை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர்களை மாட்டிக்கொள்வது. தண்ணீரில் இறங்கிய பிறகு மாட்டினால் போதும், சுமக்க வேண்டியதில்லை. அதற்குப் பெயர் சைடுமவுண்ட்.

அங்கேயே ஒரு வெள்ளைக்காரரிடம் கற்றேன். ஒரே மதியத்தில் சொல்லிக்கொடுத்து, போட்டோ எடுத்து, தேறிவிட்டதாக அட்டையும் கொடுத்துவிட்டார். என் முதலாளி சலீம் ஓமான் நாட்டுக்காரர், பேச்சு குறைவு. மறுநாள் என்னோடு தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்தார். மேலே வந்ததும் அரபியில், "கழுதை மேல் ஏற்றிய தண்ணீர்க் குடம் மாதிரி ஆடுகின்றன உன் சிலிண்டர்கள். இந்த அட்டை என் படகில் செல்லாது. ஒழுங்காகச் சொல்லித் தருகிறவரைத் தேடிப் படித்துவிட்டு வா. இல்லையென்றால் காற்று நிரப்பும் அறைக்கே போ" என்றார்.

கூட வேலை செய்யும் ரிக்கோ பிலிப்பைன்ஸ்காரன். அவன்தான் சொன்னான்: "எனக்குக் கற்றுத் தந்தது உன் நாட்டுப் பெண். எங்கள் தீவில் இருந்தாள். கெட்டிக்காரி, கோபக்காரி. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குப் போய்விட்டாள். ஊர்ப் பெயர் சீர்காழியோ என்னவோ. பெயர் மலர்."

என் ஊர் பேராவூரணிக்கும் சீர்காழிக்கும் இடையில் ஒரு பகல் பஸ் பயணம். அதற்கு நான் பிலிப்பைன்ஸ்காரனிடம் வழி கேட்டிருக்கிறேன்.

பேராவூரணியில் என் வீடு தென்னந்தோப்புகளுக்கு நடுவில். போய்ப் படுத்தவன் அடுத்த நாள் மதியம்தான் எழுந்தேன். மனைவி நசீமா கறிக்குழம்பு வைத்திருந்தாள். அவளுடைய தம்பி ரஃபீக் பார்க்க வந்தவன், நான் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "ஏன் மச்சான், மீனு மாதிரி தண்ணியிலயே கெடந்துட்டு, இப்ப நீச்ச கத்துக்க வந்திருக்கீங்களாக்கும்?"

"நீச்சல் இல்லடா."

"பின்ன?"

விளக்கினேன். எனக்கே அலுப்பாக இருந்தது. நசீமா தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு, "வந்தவங்க கொஞ்ச நாள் முதுகுக்கு ரெஸ்ட் குடுக்கலாம்ல?" என்றாள். அது கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். இடது கையை உதறிவிட்டுச் சாப்பாட்டில் கை வைத்தேன். தூங்கி எழுந்தால் அந்தக் கை கொஞ்ச நேரம் மரத்துப்போயிருக்கும். உதறினால் சரியாகிவிடும்.

ரிக்கோ தந்த மலரின் நம்பர் உபயோகத்தில் இல்லை. தஞ்சாவூரில் நீச்சல் சொல்லித்தரும் மாஸ்டர் ஒருவரை ரஃபீக்குக்குத் தெரியும். அவரிடம் முதலில் கேட்டுப் பார்க்கலாம் என்று போனோம். மாஸ்டர் தொப்பையும் விசிலுமாகக் நீச்சல் குளத்து ஓரம் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டு சிலிண்டரா? வீட்டுல கேஸ் வச்சிருக்கமே, ஒண்ணு தீந்தா ஒண்ணு மாத்திக்க, அந்த மாதிரி?"

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. தெரியும்னு சொல்லி உங்கள ஏமாத்தவும் மாட்டேன். ஆனா மத்தியானத்துல பசங்க வரமாட்டாங்க, குளம் சும்மாதான் கெடக்கும். சொல்லித் தர ஆளக் கூட்டிக்கிட்டு வாங்க, எறங்கிக்கங்க."

தெரியாது என்று சொல்லும் ஆசிரியரைப் பார்த்ததே ஆறுதலாக இருந்தது. அன்று அவரோடு டீ குடித்தேன். மஸ்கட்டில் டீக்கடைப் பையன்கள் காருக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். இங்கே கண்ணாடி டம்ளர் விரலைச் சுட்டது, வலது கையில் மட்டும்.

மறுநாள் காலை சீர்காழிக்குக் கிளம்பினேன். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. உட்கார்ந்தால் இடுப்பு குடைகிறது, நின்றால் கால் இழுக்கிறது. கும்பகோணம் தாண்டிப் பஸ் டயர் வெடித்து நின்றது. எல்லோரும் இறங்கிச் சாலையோரம் நின்றோம். இரண்டு பக்கமும் வாய்க்கால் நிறைய தண்ணீர், அதற்கு அப்பால் சேறடித்த வயல்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் மாமனார் வீட்டுக்குப் போகிறவர் போல, கையில் மிக்சர் பொட்டலம். "தண்ணி இல்லாத நாள்ல பஸ் நிக்காது. தண்ணி இருக்கற நாள்ல பாருங்க, மழையில நிக்க விட்டுட்டான்" என்று சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு கை மிக்சர் கொடுத்தார்.

சீர்காழி பஸ் ஸ்டாண்டில் "வெளிநாட்டுல கடலுக்குள்ள வேல பாத்துட்டு வந்த பொண்ணு" என்று விசாரித்தேன். மூன்றாவது ஆட்டோக்காரர், "நீலக் கலர் பைக்குல போவுமே, அதுவா? ஏறுங்க" என்றார்.

ஊருக்கு வெளியே வரப்பின் மேல் நின்று டிராக்டர்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார் மலர்விழி. முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கால் வரை சேறு. "மேடு மேடாக் கெடக்கு, இதுல நாத்த எப்படி நடுறது? இன்னொரு சால் ஓட்டுங்க. ஓட்டாம வண்டி வெளிய போகாது" என்று சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். ரிக்கோ சொன்ன ஆள் இவர்தான் என்று உடனே தெரிந்தது.

நான் யார், எதற்கு வந்தேன், தஞ்சாவூரில் நீச்சல் குளம் கிடைத்தது எல்லாம் சொன்னேன். ரிக்கோ பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. விஷயத்தைக் கேட்டதும் அந்த மலர்ச்சி போய்விட்டது.

"நடவு நடக்குது பாய். அப்பாவ நான்தான் தூக்கி உக்கார வைக்கணும். இப்ப முடியாது."

"நடவு முடியட்டும்மா. நான் காத்திருக்கேன்."

"எத்தன பேருகிட்ட படிச்சீங்க?"

ஒருவரிடம், ஒரு மதியம் என்றேன். அவர் வீட்டைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே போனேன்.

வீட்டு வாசலில் அவருடைய அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அம்மா என்னைப் பார்த்ததும், "விராலு மீன் கொழம்புதான், சாப்பிடுவீங்கல்ல பாய்?" என்று கேட்டு இலையைப் போட்டுவிட்டார். மஸ்கட்டில் வகை வகையாகக் கடல்மீன் தின்ற நாக்கு, வாய்க்கால் மீனின் குழம்பைக் கேட்டு மறுபடி வாங்கியது.

சாப்பிட்டு முடித்ததும் மலர்விழி ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டார். "குப்புறப் படுங்க."

"இப்பவா?"

"தண்ணியில எப்படி இருப்பீங்கன்னு பாக்கணும்."

படுத்தேன். "முட்டிய மடக்குங்க. பாதம் மேல. தலையத் தூக்குங்க. கைய அசைக்காதீங்க." மீன் குழம்பு தொண்டைக்கு வந்தது. தெருவில் போன பெண்கள் நின்று பார்த்தார்கள். "என்னாக்கா, யோகாசனமா?" என்று ஒருத்தி கேட்டாள். நாற்காலியிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து அவரைப் பார்த்தார், பிறகு பெஞ்சில் கிடந்த என்னைப் பார்த்தார். "இவரு சிரிச்சு எவ்ளோ நாளாச்சு" என்றார்.

மலர்விழி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நடவு முடிஞ்சதும் தஞ்சாவூருக்கு வர்றேன். அம்மாவுக்குத் தொணையா சித்தி வருவாங்க. சிலிண்டருக்குப் பாண்டிச்சேரியில என் பிரண்டுகிட்ட சொல்றேன்" என்றார்.

பாண்டிச்சேரியிலிருந்து சிலிண்டர்கள் ஒரு மீன் வண்டியில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே சீர்காழிக்கு வந்து சேர்ந்தன. நானும் அங்கே போய்விட்டேன். எனக்கு இரண்டு, அவருக்கு ஒன்று என்று வந்த மூன்றில், நான் ஒன்றும் அவர் இரண்டுமாகத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறப் போனோம். நான் தூக்கவே கூடாது. ஆனாலும் ஒரு பெண் மூன்றையும் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது? கண்டக்டர் படியில் கையை நீட்டி மறித்தார்.

"கேஸ் சிலிண்டர்லாம் ஏத்தக் கூடாது."

"கேஸ் இல்லண்ணே, வெறும் காத்து" என்றார் மலர்விழி.

"காத்தா? காத்துக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய பாட்டிலு? வெளியதான் ஓசியில கெடக்குதே."

பஸ்ஸே சிரித்தது. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் ஏற்றவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. நான் கண்டக்டராக இருந்தாலும் ஏற்றியிருக்க மாட்டேன். கடைசியில் மயிலாடுதுறைக்குச் சாக்கு மூட்டைகளோடு போன ஒரு மினி லாரி, அங்கிருந்து தெரிந்தவரின் கார் என்று தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தோம். லாரியில் சாக்கு மூட்டை மேல் மல்லாந்து படுத்து வந்தேன். இந்த வயதில் இது தேவையா என்று மழை முகத்தில் விழுந்தபோது தோன்றியது. மலர்விழி டிரைவரோடு யூரியா தட்டுப்பாடு பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

ரஃபீக்கின் நண்பர் வீட்டு மாடியில் எனக்கு இடம் கிடைத்தது. மலர்விழி தன் தோழி வீட்டில் தங்கினார். நீச்சல் குளத்தில் முதல் நாள் என்னைத் தண்ணீரில் இறக்கவே இல்லை. கரையில் நிற்க வைத்து, மஸ்கட்டிலிருந்து நான் கொண்டுவந்த பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

"இத யாரு உங்களுக்கு மாட்டி விட்டா? இது ஆறடி ஆளுக்கு வச்ச அளவு. நீங்க என் ஒயரம்."

முழு மதியமும் அளந்து, வெட்டி, மறுபடி அளந்தார். மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, தையற்கடையை வேடிக்கை பார்ப்பதுபோல நின்றார். அடுத்த நாள் தண்ணீரில் இறங்கியபோது சிலிண்டர்கள் விலாவோடு ஒட்டிக்கொண்டன. பாரமே இல்லை. இடுப்பு இருப்பதே மறந்துபோனது. தண்ணீருக்கடியில், யாரும் பார்க்காத இடத்தில், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. சிலிண்டரைக் கழற்று, மாட்டு. திரும்பக் கழற்று. முகக் கண்ணாடியைத் துணியால் மூடிக்கொண்டு மாட்டு. "அவசரப்படாதீங்க பாய், பஸ் எதுவும் போயிடாது" என்பார். மாலையில் பரோட்டாக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து, பேச முடியாத களைப்பில் சாப்பிடுவோம். அப்போதும் அவர் போனில் அம்மாவிடம், வயலில் தண்ணீர் நின்றால் வடியவிடச் சொல்லிக்கொண்டிருப்பார்.

கடைசி நாள் பயிற்சி இது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி வால்வு, வாயில் கவ்வி மூச்சு விடத் தனித்தனி மவுத்பீஸ். ஆசிரியர் திடீரென்று ஒரு வால்வை மூடிவிடுவார். மாணவன் அடுத்த சிலிண்டரின் மவுத்பீஸுக்கு மாறி மூச்சு விட்டுக்கொண்டே, மூடிய வால்வைத் திறக்க வேண்டும். இடது வால்வை இடது கையால், பார்க்காமல், தொட்டே திறக்க வேண்டும்.

அவர் இடது வால்வை மூடினார். நான் வலது மவுத்பீஸுக்கு மாறினேன். இடது கையை அக்குளுக்கு முன்னால் கொண்டுபோய்த் திருகினேன். திறந்துவிட்டது. சரி என்று கையைக் காட்டினேன். இடது மவுத்பீஸை வாயில் வைத்து இழுத்தேன்.

காற்று வரவில்லை.

வலதுக்குத் திரும்பினேன். மறுபடி திருகினேன், இந்த முறை நன்றாகவே. சரி என்று காட்டினேன். இழுத்தேன். வரவில்லை. மலர்விழி எனக்கு நேரெதிரே அசையாமல் மிதந்துகொண்டிருந்தார். மெல்ல என் இடது கையைப் பிடித்து, என் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுவந்தார். நான் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது ரப்பர் பட்டையின் முடிச்சை.

மேலே வந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது.

"கை எவ்ளோ நாளா இப்படி?" என்றார்.

"எப்படி?"

"பாய்."

"மரத்துப் போகும். உதறினா சரியாயிடும்."

"வால்வத் திருகுனேன்னு நெனச்சீங்களா, பொய் சொன்னீங்களா?"

"திருகுனேன்னுதான் நெனச்சேன்" என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கே பயம் வந்தது.

அவர் குளத்துப் படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டார். "மத்ததெல்லாம் நல்லா பண்றீங்க. ஆனா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் பட்டையைக் கழற்றி எறிந்தேன். "மழையில சாக்கு மூட்ட மேல படுத்து வந்தேம்மா. லீவு முடியப்போவுது. எங்க மொதலாளிக்கு என்ன பதில் சொல்றது? வேல போனா பேராவூரணியில தேங்கா உரிக்கவா?"

"உரிங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கடல்ல உங்க பின்னாடி நாலு பேரு வருவாங்க பாய். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. உங்க கைய நம்பித்தான் வருவாங்க. அந்தக் கை எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியல. மொதல்ல நரம்பு டாக்டரப் பாருங்க" என்றார்.

மாஸ்டர் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்தார்.

அன்று சாயங்காலமே மலர்விழி சீர்காழி பஸ் ஏறிவிட்டார். நான் வழியனுப்பப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, நசீமா விடாமல் சொன்னதால், தஞ்சாவூரில் நரம்பு டாக்டரிடம் போனேன். அவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி விரல்களில் குண்டூசியால் குத்தினார். "குத்தும்போது சொல்லுங்க" என்றார். காத்திருந்தேன். அவர் குத்தவே இல்லை என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது நசீமா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரத்தப் புள்ளிகள்.

கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கை போயிருக்கும் என்றார் டாக்டர். கழுத்துப் பட்டை, மாத்திரை, தினமும் பயிற்சி. கடல் பேச்சே கூடாது.

சலீமுக்குப் போன் செய்தேன். டீச்சர் கையெழுத்துப் போடவில்லை என்பதையும் காரணத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த படகு எஞ்சினை அணைத்தார். பிறகு அரபியில், "அப்படியானால் நல்ல டீச்சர்தான். அவர் சரி என்று சொல்லும்போது வா. வேலை இருக்கும்" என்றார். வேறு பேசாமல் வைத்துவிட்டார்.

மழைக்காலம் முழுவதும் கழுத்துப் பட்டையோடு தோப்புக்குள் நடந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் விபத்தா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் டீ டம்ளரை மறந்தாற்போல இடது கையில் எடுத்தேன். சுட்டது. நசீமாவைக் கூப்பிட்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் டம்ளரை வாங்கித் தான் ஒரு முறை தொட்டுப் பார்த்தாள்.

தண்ணீரில் இறங்கலாம் என்று டாக்டர் சொன்னபோது தை பிறந்து அறுவடை தொடங்கியிருந்தது. மலர்விழியிடம் சொல்லாமலே சீர்காழிக்குப் போனேன். வயலில் அறுவடை எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மலர்விழி களத்தில் குவித்த நெல்லுக்குப் பக்கத்தில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். கோபம் ஏதும் இல்லை. நேற்றுத்தான் பார்த்த ஆளைப்போல, "வாங்க பாய்" என்றார்.

"டாக்டர் எறங்கலாம்னுட்டாரு" என்றேன்.

"கண்ண மூடுங்க. எடது கைய நீட்டுங்க."

நீட்டினேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எதையோ வைத்தார்.

"என்ன?"

உருட்டினேன். சொரசொரப்பாக இருந்தது, முனை குத்தியது. "நெல்லு."

"எத்தன?"

எந்திரத்தின் சத்தம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தது. அவசரப்படாமல் ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தேன். "மூணு."

கண்ணைத் திறந்தேன். என் விரலிடுக்கிலிருந்து மூன்று நெல்லையும் எடுத்துக் குவியலில் போட்டுவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பட்டைய மறுபடி அளக்கணும். ரொம்ப மெலிஞ்சுட்டீங்க" என்றார்.